சாரல் புகுந்த ஜன்னல்: காஞ்சிபுரத்துத் தறிவீடும் மழையும்

புயல் கரை கடந்த மறுநாள், காஞ்சிபுரத்தின் தறித் தெருக்களில் முதல் வேலை, நெய்பவர் காலை இறக்கி மிதிக்கும் தறிக்குழியில் தேங்கிய தண்ணீரை இறைப்பது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் இது வழக்கமாகிவிட்டது. குழி இரண்டரை, மூன்று அடி ஆழம். குடத்தாலோ வாளியாலோ இறைத்துக் காலி செய்தாலும், நிலத்தடி நீர் ஏறியிருக்கும் நாட்களில் மறுபடி ஊறும். இறைத்து முடித்த பிறகும் தறியில் உடனே உட்கார முடியாது. மிதிகளைக் கட்டிய கயிறு ஊறிப்போயிருக்கும், தறிமரம் உப்பியிருக்கும், ஜன்னலுக்குக் கீழே நீர் வழிந்த தடம் தரைவரை இறங்கியிருக்கும், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின்மேல் போர்த்திய பாலிதீன் தாளுக்கு அடியில் பட்டு ஈரம் கண்டிருக்கும். தறிக்குழிகளில் மழைநீர் புகுந்தது என்று செய்தியில் ஒரு வரி வரும். பழி முழுவதும் புயலின்மேல் விழுந்துவிடும். அந்தப் பழியைத்தான் இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். காஞ்சிபுரத்துத் தறி பல நூறு ஆண்டுகளாக மழையோடு வாழ்ந்த தறி. அதன் வீடும் மழையை எதிர்பார்த்தே கட்டப்பட்டது. கடந்த நூறு ஆண்டுகளில் அந்த வீட்டின் உயரம், வெளிச்சம் வரும் வழி, சுவரின் பூச்சு, வாசலுக்கு எதிரே கிடக்கும் சாலையின் மட்டம் எல்லாம் ஒவ்வொன்றாக மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. மழை வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் எந்தக் கட்டத்திலும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைய சேதத்தில் பெரும்பங்கு அந்த விடுபட்ட கணக்கின் பலன் என்பதே என் வாதம்.

மழையின் காலத்தையும் நெசவின் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1200 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லிப் பழகிய அதே மாதங்கள்தான் தறிக்கும் உச்சக்கட்டம். தீபாவளிக்குக் கேட்ட புடவை ஐப்பசியில் இறங்கியாக வேண்டும். தை முகூர்த்தங்களுக்குக் கேட்டது கார்த்திகை, மார்கழியில் தறியில் இருந்தாக வேண்டும். கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை ஒன்றுக்கு வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம்வரை பிடிக்கும். நடுவில் ஒரு வாரம் மழை அடைத்துக்கொண்டால் ஒரு முகூர்த்தமே தவறிப்போகலாம். இதற்கு முந்தைய கட்டமான பாவு தோய்தலுக்கு வெயில் இல்லாமல் முடியாது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் நீவி, இளவெயிலில் காயவைக்க வேண்டும். தூறல் விழுந்தால் அன்றைய தோய்ச்சல் போச்சு. சாயம் ஏற்றிய பட்டும் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மழை பறிக்கும் நாள், ஆண்டின் மற்ற நாட்களைப் போன்ற ஒரு நாள் அன்று. ஆண்டிலேயே விலை கூடிய நாள்.

பழைய தறிவீடு இந்த மாதங்களை எப்படிச் சமாளித்தது? தெருவைப் பார்த்த திண்ணை, அதை ஒட்டி ரேழி, பிறகு கூடம், நடுவில் முற்றம், பின்கட்டில் அடுப்பங்கரையும் கிணறும். வசதிக்கேற்ப அளவு மாறினாலும் அமைப்பு இதுதான். திண்ணை தெருவைவிட இரண்டு மூன்று படி உயரத்தில் இருக்கும். வீட்டின் தரையும் அந்த மட்டத்திலேயே ஓடும். ஆகவே குழி தோண்டினாலும் அதன் அடி தெருவின் மட்டத்துக்குக் கீழே அதிகம் இறங்காது. கூரை நாட்டு ஓடு. தெருப்பக்கம் அது தாழ்ந்து, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும். உள்ளே வருபவர் தலையைக் குனிந்துதான் வர வேண்டும். அந்தத் தாழ்வாரத்தின் நிழலில் சுவரே அநேகமாக நனையாது. தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தால் அது சின்னது, மரச்சட்டத்தில் கம்பி போட்டது, தாழ்வாரத்துக்கு உள்வாங்கி இருப்பது. தறிக்கு வேண்டிய வெளிச்சம் அங்கிருந்து வரவில்லை, முற்றத்திலிருந்து வந்தது. கூடத்தில் முற்றத்தை ஒட்டித் தறியைப் போட்டால், பக்கவாட்டிலிருந்து இதமான வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்கும். மழை வந்தால் நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, சலதாரை வழியாகத் தெருவுக்குப் போய்விடும். மழையை வீட்டின் நடுவில் ஓரிடத்தில் வரவேற்று, வழி சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்ற இடங்களில் அது தலைகாட்டத் தேவையே வரவில்லை.

இந்த அறிவு தறித் தெருக்களுக்கு மட்டும் உரியது அன்று. ஊர் முழுவதற்கும் பொது. வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பாருங்கள். விஜயநகரக் காலத்துக் கட்டடம். சுவரே கிடையாது, காற்றும் வெளிச்சமும் எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கின்றன. மூலைகளில் தொங்கும் கல்சங்கிலியைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். அந்தச் சங்கிலியைத் தாங்கி நிற்கும் கொடுங்கையைக் கவனிப்பவர் குறைவு. கல்லை வளைத்து வெளியே நீட்டி, கீழ்நோக்கிச் சாய்த்திருக்கிறார்கள். மேலே விழும் நீர் தூணில் வழியாமல் தள்ளிப் போய் விழுகிறது. கோயில் ஸ்தபதி கல்லில் செய்ததையும், தறிவீட்டுக் கொத்தனார் மூங்கிலிலும் ஓட்டிலும் செய்ததையும் ஒரே கேள்விக்கான விடைகளாகப் பார்க்கலாம். கோயிலும் தறியும் இந்த ஊரில் எப்போதும் அக்கம்பக்கத்தில்தான் இருந்தன. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடுகள் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. காஞ்சிபுரத்தின் அன்றைய பெயரான கச்சிப்பேட்டின் ஊரகத்துப் பெருமாள் கோயில் காரியங்களை அங்கிருந்த நெசவாளர் சேரிகள் கவனித்துவந்ததை அவை பேசுகின்றன. கோயிலைச் சுற்றிய அகலமான நேர்த்தெருக்கள் தேருக்கு மட்டும் பயன்படவில்லை. தேர் ஓடாத நாட்களில் பாவு விரிக்கவும் அவை வேண்டியிருந்தன. 1914, 15 வாக்கில் இந்தியா வந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ், காஞ்சிபுரத்தைத் திட்டமிட்ட ஊருக்கு முன்மாதிரியாகப் பாராட்டினார். சி. பி. வேங்கடராம ஐயர் 1916இல் வெளியிட்ட தக்காணத்துப் பழைய நகரமைப்பைப் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. அவர் வியந்த தெருக்களில் பல, தறி நெய்பவர்களின் தெருக்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். முற்றம் வைத்த ஓட்டுவீடு யாருக்கு இருந்தது? சொந்தத் தறியும் கைமுதலும் உள்ளவருக்கும், நாலு தறி போட்டு ஆள்வைத்து நெய்தவருக்கும்தான். கூலிக்கு நெய்தவர் பனையோலைக் கூரையின் கீழ், மண்சுவருக்குள் வாழ்ந்தார். ஐப்பசி வந்தால் ஒழுகல் விழும் இடத்தில் பானையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். இதை மறைத்துவிட்டுப் பழைய வீட்டைப் போற்றுவது நேர்மை ஆகாது. ஆனால் அந்த ஏழைக் குடிசையிலும் சேதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மேலிருந்து வந்தது. சொட்டுச் சொட்டாக, இடம் தெரிந்து வந்தது. அந்த இடத்தில் தறியைப் போடாமல் இருக்கலாம், பாவின்மேல் ஓலைப்பாயை விரிக்கலாம், மழை விட்டதும் ஏறி ஓலையை மாற்றலாம். கூரை தாழ்ந்திருந்ததால் அங்கேயும் சுவர் நனைவது குறைவு. இன்றைக்குச் சிமென்ட் வீட்டில் நடக்கும் சேதம் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் வருகிறது. மழை நின்ற பிறகும் நாட்கணக்கில் தொடர்கிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதன் நேர்ப்பொருள் இந்த வீடுகளில் நிகழ்கிறது. பழைய வறுமைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. வறுமையிலிருந்து விலகி வந்த வழியில் நல்ல கட்டட அறிவும் சேர்ந்து உதிர்ந்துவிட்டது; அதை மட்டும் தனியாக எடுத்துப் பேசலாம்.

மாற்றங்களில் முதலாவது நூலிலேயே நடந்தது. இன்று காஞ்சிபுரம் என்றால் பட்டு. 2005, 06இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் பட்டுக்குத்தான். ஆனால் பட்டு இந்த ஊரின் தலைமைத் தொழிலானது கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள். அதற்கு முந்தைய நீண்ட காலம் பருத்தியின் காலம். பருத்தி நெசவுக்கு ஓரளவு ஈரம் தோழன். வறண்ட காற்றில் பாவிழை அறுந்துகொண்டே இருக்கும், நிலத்தை ஒட்டிய ஈரக்காற்றில் இழை வலுவாக நிற்கும். குழித்தறி உலகின் பல பகுதிகளில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தி நெய்தவர்கள் இதே காரணத்துக்காகத் தறியை வீட்டின் நிலவறையில் போட்டார்கள். ஈரமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்பதால் அந்த நிலவறைகளுக்குத் தெருமட்டத்தை ஒட்டி வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். ஆகவே குழியில் கொஞ்சம் ஈரம் இருப்பது குறையில்லை என்று வாதிடுபவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்துக்குப் பொருந்தும். சுவரில் வழியும் தண்ணீருக்குப் பொருந்தாது. பட்டுக்கு இன்னும் பொருந்தாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாத இழை பட்டு. பாவு தளரும், இறுக்கம் மாறும், கரையின் அரக்கு உடலின் மஞ்சளில் இறங்கினால் புடவையே கழிவு. ஜரிகையில் உள்ள வெள்ளி ஈரக்காற்றில் கறுக்கும். நனைந்த பருத்திப் பாவைக் காயவைத்து மறுபடி நெய்யலாம். கறுத்த ஜரிகைக்கு மருந்து இல்லை. தொழில் பட்டுக்கு மாறியபோது, நனைந்தால் போகும் பொருளின் மதிப்பு பல மடங்கு ஏறியது. தறி மட்டும் அதே குழியில் நின்றது.

இரண்டாவது மாற்றம் உயரத்தில். பழைய நாளில் கரையிலும் முந்தானையிலும் உருக்களை எடுக்க ‘அடை’ கட்டினார்கள். நூலால் கட்டிய அந்த ஏற்பாட்டை இயக்க ஒரு கையாள் தறியருகே இருப்பார். 20ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தை ஜக்கார்டு பெட்டி பிடித்தது. துளையிட்ட அட்டைகள் வரிசையாக இறங்கி இழைகளைத் தூக்கும் இந்தக் கருவி 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கியது. அது தறியின் தலைமேல் உட்காரும்; அதிலிருந்து நூல்கள் செங்குத்தாக இறங்கப் போதிய இடம் வேண்டும். லியோனிலேயே இதனால் வீடு மாறியது. குரோய் ருஸ் மேட்டில் பட்டு நெசவாளர்களுக்காகக் கட்டிய வீடுகளுக்கு ஏறத்தாழ 4 மீட்டர் உயரக் கூரையும், அந்த உயரத்துக்கு ஏற்ற நெட்டை ஜன்னல்களும் வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு புதிய வீட்டமைப்பை யாரும் யோசித்துத் தரவில்லை. தாழ்ந்த கூரையின் கீழ் பெட்டி நிற்காது. ஆகவே வசதிப்பட்டபோது அவரவர் கூரையை உயர்த்திக்கொண்டார்கள், அல்லது பிரித்துப்போட்டுத் தளம் போட்டார்கள். கூரை உயர்ந்ததும் தாழ்வாரம் சுவரின் அடியிலிருந்து விலகிவிட்டது. முன்பு இறக்கத்தின் நிழலில் இருந்த சுவர், இப்போது முழு உயரத்துக்கும் வடகிழக்குக் காற்றுக்கு முகம் காட்டுகிறது. அதில் ஜன்னலைத் திறந்தால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஜன்னல் ஏன் வந்தது? முற்றம் போனதால் வந்தது. ஒரு வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்தால் முதலில் பலியாவது முற்றம்தான். பத்தடி அகலத்தில் நீளமாகக் கிடைக்கும் பங்கில் நடுவே வானத்துக்கு இடம் விட யாருக்கு மனம் வரும்? மின்விளக்கு வந்த பிறகு, வெளிச்சத்துக்காக முற்றம் வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது. முற்றத்தை மூடிக் கூடத்தை நீட்டினார்கள். ஆனால் பட்டின் நிறம் பார்க்க விளக்கு போதாது. மாம்பழ மஞ்சளும் கடுகு மஞ்சளும் விளக்கடியில் ஒன்றாகவே தெரியும். மூடிய வீட்டில் புழுக்கமும் தாங்காது. மிஞ்சியது தெருப்பக்கச் சுவரோ சந்துப்பக்கச் சுவரோதான். அதை உடைத்து ஜன்னல் வைத்தார்கள், நெய்பவர் தரைமட்டத்தில் உட்காருவதால் தாழ்வாகவே வைத்தார்கள். தறியும் அந்த ஜன்னலை ஒட்டி நகர்ந்தது. அந்த ஜன்னலில் மழை எப்படி நுழைகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். மேலே சன்ஷேடு இருந்தால் ஒரு அடி நீட்டம் இருக்கும். காற்றோடு சாய்ந்து வரும் சாரலுக்கு அது கணக்கே இல்லை. ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையே பூசிய சிமென்ட், மரம் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும்போது விட்டுப்போய் மயிரிழை அகலத்துக்கு விரிசல் விடும். கதவுக்குக் கீழே உள்ள திட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் மட்டமாக, சில வீடுகளில் உள்பக்கம் சாய்வாகவே இருக்கும். திட்டின் வெளிவிளிம்புக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு காடி இழுத்திருந்தால் நீர் அங்கே அறுந்து சொட்டிவிடும். காடி இல்லாததால் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சுவருக்குள் திரும்பும். உள்ளே வந்த நீர் சுவர்வழியாகத் தரைக்கு இறங்கி, அறையில் மிகவும் பள்ளமான இடத்தைத் தேடிப் போகும். அந்தப் பள்ளம் தறிக்குழி.

சுவரின் பூச்சும் மாறியிருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து நனையும், வெயில் வந்தால் நனைந்ததை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு நீரை லேசில் உள்ளே விடாது என்பார்கள். விரிசல் இல்லாதவரை அது சரி. விரிசல்வழியே உள்ளே போன நீர் செங்கல்லில் தங்கிவிட்டால் அதே பூச்சு அதை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். அப்போது ஓதம் ஏறும். தரையிலிருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று சுவர் கறுத்து, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உரியும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த சுவரில் இது இன்னும் மோசம். தை பிறந்து வெயில் ஏறிய பிறகும் அந்த அறையில் காற்று ஈரமாகவே இருக்கும். ஜக்கார்டு அட்டைகள் உப்பித் துளைகள் ஊசியோடு ஒத்துப்போகாது. இரும்பு அச்சில் துரு ஏறினால் இழை உரசி அறும். புயலால் வந்த நஷ்டம் என்று எழுதும்போது இந்த இரண்டு மூன்று மாதங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரு உயர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் போடும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருந்தது. ஒவ்வொரு முறையும் சில அங்குலம். சில பத்தாண்டுகளில் இரண்டு மூன்று படி ஏறிப் போக வேண்டியிருந்த வாசல் தெருவுக்குச் சமமாகி, பிறகு தெருவுக்குக் கீழே போய்விட்டது. திண்ணை இருந்த இடத்தில் இப்போது சாக்கடைக்குமேல் ஒரு சிமென்ட் பலகை. முன்பு தெருமட்டத்தை ஒட்டி இருந்த குழியின் அடி, இன்று தெருவுக்கு மூன்று நான்கு அடி கீழே. தண்ணீர் வெளியே ஓடிய சலதாரை வழியாகவே இப்போது உள்ளே வருகிறது. 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், வீடுகளின் மட்டம் தாழக் கூடாது என்று அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது இந்தப் பிரச்சினை எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அரசே தந்த சாட்சி. அதற்குள் தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்தவைதான். அவற்றை யாரும் தூக்கி வைக்கப்போவதில்லை. தெருத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடங்களின் கதை தனியாக எழுத வேண்டியது: வேகவதியின் கரையும் படுகையும் குடியிருப்புகளாக மாறின, நகருக்குள் ஓடும் மஞ்சள்நீர் கால்வாய் மழைநீரோடு கழிவுநீரையும் சுமக்கிறது, கோயில் குளங்களுக்குப் போன வரத்துகள் பல அடைபட்டன.

புயல்கள் முன்னைவிட வலுத்துவிட்டன, வீட்டையும் சாலையையும் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பதிவானது. தாம்பரம் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர். அந்த அளவு மழைக்கு எந்த வீடும் முழுமையாகத் தப்பாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடல் சூடாகிவரும் காலத்தில் அத்தகைய நாட்கள் இன்னும் வரலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பெருவெள்ளம் இந்த வட்டாரத்துக்குப் புதிதா? 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. 2021 நவம்பரில் அதே ஆற்றில் லட்சம் கன அடி தண்ணீர் வந்தபோது, நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த வெள்ளத்தோடுதான் அதை ஒப்பிட்டார்கள். தறிக்குழியில் தண்ணீர் நிற்பதற்கு இப்படிப்பட்ட வெள்ளம் தேவைப்படவில்லை என்பதே கவலைக்குரியது. பெயர் வைக்காத ஒரு காற்றழுத்தத் தாழ்வு, ஓர் இரவு பெய்யும் சாதாரணக் கார்த்திகை மழை போதுமானதாக இருக்கிறது. ஒரே தெருவில் மேடான தரையுள்ள வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டில் வாளியோடு நிற்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் வானம் ஒன்று.

அப்படியானால் குழியையே விட்டுவிடலாமே, தரைக்குமேல் நிற்கும் சட்டத்தறிக்கு மாறலாமே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, சில இடங்களில் அப்படி மாறியும் இருக்கிறார்கள். ஆனால் கோர்வை நெசவில் கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நிறக் குறுக்கிழை (ஊடை) போகும். மூன்று நாடா வேண்டும், நெய்பவர் ஒருவர், பக்கத்தில் கைகொடுப்பவர் ஒருவர். பலகையை ஓங்கி அடித்து ஊடையை நெருக்க வேண்டும். தறி நிலத்தில் ஊன்றி அசையாமல் நிற்பதும், காலைக் குழியில் இறக்கி மிதித்து, கை பாவின் மட்டத்திலேயே இருப்பதும் இந்த வேலைக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. உடலால் பல பத்தாண்டுகள் பழகிய ஒன்றை ஐம்பது வயதில் மாற்றச் சொல்வதும் எளிதில்லை. சட்டத்தறிக்கு இன்னும் உயரமான கூரையும் வேண்டும்; அது பழையபடி வெளிச்சுவரையும் சாரலையும் கொண்டுவந்து நிறுத்தும். குழியைச் சுற்றிச் செங்கல் மேடை எழுப்பி அதையே மேலே தூக்குவது இதைவிட நல்ல வழி என்று எனக்குப் படுகிறது. அதற்கும் பணம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் அடுத்தவர் தரையில் அதைக் கட்ட முடியாது.

பணம் யாருடையது என்ற இடத்தில்தான் இந்த வரலாறு முழுவதும் வந்து முட்டுகிறது. கூலி புடவைக்கு, நாளுக்கு இல்லை. தறி நின்ற நாளுக்கு எவரும் எதுவும் தருவதில்லை. பட்டும் ஜரிகையும், பொருள் கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் மாஸ்டர் வீவருடையவை அல்லது கூட்டுறவுச் சங்கத்துடையவை. அவற்றை எடை போட்டுக் கொடுத்து, நெய்த புடவையை எடை போட்டு வாங்குகிறார்கள். காற்றின் ஈரத்துக்கேற்ப எடை மாறும் இழைக்கு இது சிக்கலான கணக்கு. ஐரோப்பாவில் இந்தச் சிக்கலைத் தீர்க்கவே, பட்டில் எவ்வளவு ஈரம் என்று சோதித்துச் சொல்லும் பொது நிலையத்தை 1805இல் லியோன் நகரில் நிறுவினார்கள். இங்கே அடைமழையில் வாங்கிய பட்டு வெயிலில் புடவையாகத் திரும்பினால், குறையும் எடைக்கு நெய்தவர் பதில் சொல்ல வேண்டிய நிலை. பொருள் வேறொருவருடையது, வீடு நெசவாளருடையது என்ற இந்த ஏற்பாட்டில், பொருளைக் காக்கும் செலவு முழுவதும் வீட்டின்மேல் விழுகிறது. தொழிற்சாலைக்குள் மழை ஒழுகினால் முதலாளி கூரையை மாற்றுவார். தறிவீட்டில் ஒழுகினால் அது குடும்பச் செலவு. 1980களின் நடுவில், ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், வீட்டுடன் கூடிய தறிக்கூடத்துக்கு மத்திய அரசு உதவத் தொடங்கியது இந்த அநியாயத்தை ஓரளவு உணர்ந்ததன் அடையாளம். தறிக்கூட உதவி பிற்காலத் திட்டங்களிலும் வெவ்வேறு பெயரில் தொடர்ந்தது. ஆனால் புதுக்கூடம் கட்டுவதற்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்குகூட, இருக்கும் வீட்டின் ஜன்னல் திட்டைச் சாய்த்துக் கட்டுவதற்கும், சன்ஷேடை இரண்டடிக்கு நீட்டுவதற்கும், ஓதம் ஏறிய சுவரில் சிமென்டை உரித்துச் சுண்ணாம்பு பூசுவதற்கும், குழியைச் சுற்றி மேடை எழுப்புவதற்கும் போகவில்லை. இவை கொத்தனாருக்கு ஒரு சில நாள் வேலை. ஒரு புடவையின் சேதத்தோடு ஒப்பிட்டால் பெரிய செலவும் இல்லை. அந்தச் செலவைக் கூலி வாங்குபவர் தனியாகத் தாங்குவதற்குப் பதில், பட்டின் உடைமையாளரும் பங்கிட்டுக்கொள்வது முறை; நெசவாளர் சங்கங்கள் கூலி உயர்வோடு சேர்த்துப் பேச வேண்டிய விஷயம் இது. புரட்டாசிக்குள் ஒவ்வொரு தறி வீட்டுத் தரையும் சாலையிலிருந்து எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே இருக்கிறது என்று அளந்து, தெருவாரியாகப் பதிவேட்டில் எழுதி, மாநகராட்சி நிர்வாகத்திடமும் கைத்தறித் துறையிடமும் கொடுப்பது அவர்களால் இந்த ஆண்டே முடிகிற காரியம். அடுத்து அந்தத் தெருவில் தார் போட வருபவரிடம், சுரண்டிய பிறகு போடச் சொல்லிக் காட்டுவதற்குக் கையில் ஓர் ஆவணம் இருக்கும்.